தாவர உயிரித் தொழில்நுட்பம்: மரபணு முதல் திசு வளர்ப்பு வாழை வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்பு மாணவர்களும், வாழைக் கன்று வாங்கப்போகும் உழவர்களும், காய்கறிக் கடையில் ஐயத்தோடு நிற்கும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன: "இது மரபணு மாற்றப்பட்டதா?" திசு வளர்ப்பு, வீரிய ஒட்டு (இரு ரகங்களைக் கலந்து பெறும் விதை), பிடி பருத்தி, மரபணுத் திருத்தம் ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லால் குறிப்பதுதான் குழப்பத்தின் வேர். ஒவ்வொன்றிலும் டிஎன்ஏ-வில் என்ன மாறியது, எவ்வழியில் மாறியது என்று தனித்தனியே பார்க்க வேண்டும். அதற்கு முதலில் மரபணு என்ன செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டிஎன்ஏ, மரபணு, குரோமோசோம் ஆகிய மூன்றும் ஒன்றுதானா?

அல்ல. டிஎன்ஏ என்பது பொருளின் பெயர். அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு காரங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட இரண்டு நீண்ட இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும் மூலக்கூறு அது. அடினைனுக்கு எதிரே தைமினும் குவானைனுக்கு எதிரே சைட்டோசினும்தான் பொருந்தும் என்பதால், ஓர் இழையின் வரிசை தெரிந்தால் எதிர் இழையை நாமே எழுதிவிடலாம். செல் இரண்டாகப் பிரியுமுன் இழைகள் பிரிந்து, பழைய இழை ஒவ்வொன்றும் புதிய இழைக்கு அச்சாக அமைவது இந்தப் பொருத்தத்தால்தான். 1953-ல் வாட்சனும் கிரிக்கும் இந்த அமைப்பை முன்வைத்தபோது, ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் அவருடைய மாணவரும் எடுத்த எக்ஸ் கதிர்ப் படம் அதற்கு முக்கியச் சான்றாக இருந்தது. வகுப்பில் ஃபிராங்க்ளினின் பெயரை ஒரே வரியில் கடந்துபோவது நியாயமல்ல.

குரோமோசோம் என்பது புரதங்களின் மேல் சுற்றிச் சுருட்டி வைக்கப்பட்ட ஒரு நீண்ட டிஎன்ஏ. நெல்லின் செல்லில் 24 குரோமோசோம்கள் உண்டு. நாம் உண்ணும் வாழை வகைகள் பெரும்பாலானவற்றில் 33 உண்டு. அதாவது 11 கொண்ட தொகுப்பு மூன்று முறை இருக்கிறது. இணை சேர முடியாமல் ஒரு தொகுப்பு எஞ்சிவிடுவதே அந்தப் பழங்களில் முற்றிய விதை உருவாகாததற்கு ஒரு முக்கியக் காரணம். மரபணு என்பது, குரோமோசோமின் நீளத்தில், ஒரு புரதத்தையோ, ஆர்என்ஏ என்னும் டிஎன்ஏ-வை ஒத்த மூலக்கூறையோ உருவாக்கும் செய்தி அடங்கிய பகுதி.

ஒரு மரபணு எப்படி ஒரு பண்பாக மாறுகிறது?

மெண்டலின் பட்டாணியை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. உருண்டை விதை, சுருங்கிய விதை என்ற இரு வகைகளைக் கலந்து, இரண்டாம் தலைமுறையில் உருண்டைக்கும் சுருங்கியதற்கும் இடையே அவர் கண்ட 3:1 விகிதம் 1866-ல் அச்சேறியது. பாடநூல்கள் பெரும்பாலும் அந்த விகிதத்தோடு நின்றுவிடுகின்றன. விதை ஏன் சுருங்கியது என்ற விடை 1990-ல்தான் மூலக்கூறு அளவில் கிடைத்தது.

பட்டாணியில் மாவுச்சத்தைக் கிளைவிடச் செய்யும் நொதி ஒன்று உண்டு. அந்த நொதிக்குரிய மரபணுவின் நடுவே, சுருங்கிய வகையில், சுமார் 800 எழுத்து (அதாவது காரம்) நீளமுள்ள அயல் துண்டு ஒன்று புகுந்து கிடக்கிறது. குரோமோசோமில் இடம் மாறிக் குதிக்கும் டிஎன்ஏ துண்டுகளின் இனத்தைச் சேர்ந்தது அது. அத்தகைய துண்டுகள் இருப்பதை மக்காச்சோளத்தில் கண்டறிந்தவர் பார்பரா மெக்கிளின்டாக். துண்டு புகுந்ததால் நொதி சரியாக உருவாவதில்லை. நொதி இல்லாததால் சர்க்கரை முழுவதும் மாவாக மாறாமல் தேங்குகிறது. தேங்கிய சர்க்கரை நீரை இழுப்பதால் இளம் விதை உப்பிப் பெருக்கிறது. முற்றிக் காயும்போது அந்த நீர் வெளியேற, தோல் மட்டும் சுருங்கி மிஞ்சுகிறது. எழுத்து வரிசை, நொதி, சர்க்கரை, நீர், விதையின் உருவம் என்று கண்ணி கண்ணியாகச் செல்லும் இந்தத் தொடரைப் புரிந்துகொண்டவருக்கு மூலக்கூறு உயிரியலின் பாதி விளங்கிவிட்டது என்றே சொல்வேன்.

இடையில் நடக்கும் வேலை இரண்டு கட்டம் கொண்டது. முதலில் மரபணுவின் வரிசை ஆர்என்ஏ-வாகப் படியெடுக்கப்படுகிறது. பிறகு ரைபோசோம் என்னும் நுண்ணமைப்பு அந்தப் படியை மூன்று மூன்று எழுத்துகளாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் உரிய அமினோ அமிலத்தைக் கோத்துப் புரதமாக்குகிறது. நான்கு எழுத்துகளில் மூன்றெழுத்துச் சொற்கள் 64 அமையும். அவற்றில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, 3 நிறுத்தக் குறிகள். இந்தக் குறிமுறையைப் படித்தறிந்ததற்காக ஹர் கோவிந்த் கொரானா 1968-லும், ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-லும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏ என்றால், வேரும் பூவும் ஏன் வேறுபடுகின்றன?

எல்லா மரபணுக்களும் எல்லா இடத்திலும் படியெடுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னே, எங்கே, எப்போது, எவ்வளவு படியெடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஊக்கிப் பகுதி ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட புரதங்கள் அதில் வந்து அமர்ந்தால்தான் வேலை தொடங்கும். ஆகவே வேரின் செல்லிலும் பூவுக்குரிய செய்தி முழுமையாக உறங்கிக் கிடக்கிறது. திசு வளர்ப்பு சாத்தியமாவதற்கு அடிப்படை இதுதான்.

மரபணு எண்ணிக்கை கூடினால் உயிரினம் மேலானது என்று பொருளா?

இல்லை. மனிதனின் மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகளும், புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000-மும் உள்ளன. கோதுமையில் சுமார் 1,600 கோடி எழுத்துகளும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மரபணுக்களும் உள்ளன.

திசு வளர்ப்பு வாழை மரபணு மாற்றப்பட்டதா?

இல்லை. பக்கக்கன்றை வெட்டி நடுவதும் ஆய்வகக் குடுவையில் கன்று எடுப்பதும் மரபியல் நோக்கில் ஒன்றே: தாய்மரத்தின் டிஎன்ஏ-வே கன்றுக்கும் வருகிறது. வெளியிலிருந்து எந்த மரபணுவும் நுழைக்கப்படுவதில்லை. அளவும் தூய்மையும்தான் வேறு.

தனித்த தாவரச் செல்லை ஊட்டக் கரைசலில் வளர்த்து முழுச் செடியாக்க முடியும் என்ற கருத்தை ஆஸ்திரியத் தாவரவியலர் ஹேபர்லாண்ட் 1902-ல் வெளியிட்டார். அவருடைய சோதனைகள் வெற்றி பெறவில்லை. செல்களைப் பிரியத் தூண்டும் ஹார்மோன்கள் அன்று அறியப்படாததே காரணம். 1957-ல் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலைத் திசுவில் ஓர் எளிய உண்மையைக் காட்டினர். சைட்டோகைனின் என்னும் ஹார்மோன் மிகுந்து ஆக்சின் என்னும் ஹார்மோன் குறைந்தால் தளிர் வருகிறது. ஆக்சின் மிகுந்தால் வேர் வருகிறது. இரண்டும் ஒத்திருந்தால் கேலஸ் என்னும் உருவமற்ற திசுத்திரள் வருகிறது. 1962-ல் முராஷிகேவும் ஸ்கூக்கும் வகுத்த உப்புக் கலவை இன்றும் உலகின் திசு வளர்ப்புக் கூடங்களில் அடிப்படை ஊடகமாக இருக்கிறது.

வாழையில் செய்வது இதுதான். நோயற்ற, நல்ல தார் தந்த தாய்மரத்தின் ஈட்டி இலைக் கன்றிலிருந்து வளர்நுனியை மட்டும் பிரித்து, கிருமி நீக்கி, சர்க்கரையும் உப்புகளும் வைட்டமின்களும், கூழாக உறையவைக்கும் அகாரும் கலந்த ஊடகத்தில் வைக்கிறார்கள். சைட்டோகைனின் மிகுந்த ஊடகத்தில் ஒரு நுனி பல தளிர்களாகப் பெருகுகிறது. அவற்றைப் பிரித்துப் புதிய ஊடகத்துக்கு மாற்றுகிறார்கள். போதிய அளவு பெருகியபின் ஆக்சின் உள்ள ஊடகத்தில் வேர்விடச் செய்கிறார்கள். குடுவைக்குள் காற்றின் ஈரம் நிறைந்திருப்பதால் கன்றின் இலையில் மெழுகுப் படலம் முதிர்ந்திருக்காது, இலைத்துளைகளும் சரிவர மூடப் பழகியிருக்காது. அதனால்தான் முதலில் ஈரப்பதம் மிகுந்த பசுமைக்குடிலிலும் பின்னர் நிழல்வலைக் குடிலிலும் சில வாரங்கள் வைத்து வெளிச்சூழலுக்குப் பழக்குகிறார்கள். இந்தக் கட்டத்தைச் சுருக்கி அவசரமாக விற்கப்படும் கன்றுகள் வயலில் வெயில் தாங்காமல் சாவதைக் கண்டு, திசு வளர்ப்பே பயனற்றது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. பிழை முறையில் இல்லை. பழக்கிய காலத்தில் இருக்கிறது.

அப்படியானால் திசு வளர்ப்புக் கன்றுக்கு நோயே வராதா?

வரும். பூஞ்சையும் நூற்புழுவும் குடுவைக்குள் இருக்க முடியாது என்பதால் கன்று அவை இல்லாமல் வருகிறது. ஆனால் அவற்றை எதிர்க்கும் புதிய ஆற்றல் எதுவும் அதற்குச் சேர்வதில்லை. நோயுற்ற மண்ணில் நட்டால் வாடல் நோய் தாக்கும்.

வைரஸின் கதை வேறு. முடிக்கொத்து நோயின் வைரஸ் தாய்மரத்தில் இருந்தால் ஒரே நுனியிலிருந்து பெருகிய ஆயிரக்கணக்கான கன்றுகளிலும் அது இருக்கக்கூடும். இன்னும் நுட்பமான சிக்கலும் ஒன்று உண்டு: இலையில் மஞ்சள் கோடுகளை உண்டாக்கும் ஒரு வைரஸின் வரிசை, காட்டுவாழையான மூசா பால்பிசியானாவின் வழிவந்த சில ரகங்களின் குரோமோசோமுக்குள்ளேயே பதிந்து கிடக்கிறது, திசு வளர்ப்பின் அழுத்தத்தால் அது விழித்தெழ வாய்ப்பிருக்கிறது. ஆகவே தாய்த் திசுவை வைரஸ் சோதனைக்கு உட்படுத்தியே பெருக்க வேண்டும். மேலும், ஒரே நுனியை அளவு மீறி மீண்டும் மீண்டும் பெருக்கினால் குட்டையான, இலை திரிந்த கன்றுகள் தோன்றும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-ல் திசு வளர்ப்புச் செடிகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையைத் தொடங்கியதே இவற்றைச் சரிபார்க்கத்தான். கன்று வாங்குபவர் விலையைக் கேட்பதற்கு முன் அந்தச் சான்றைக் கேட்க வேண்டும்.

பிசிஆர் சோதனை செடிகளுக்கும் உண்டா?

உண்டு, மேலே சொன்ன வைரஸ் சோதனைகளில் பல அதைக் கொண்டே செய்யப்படுகின்றன. 1983-ல் கேரி முல்லிஸ் கண்ட இம்முறையில், டிஎன்ஏ-வைச் சூடாக்கி இழைகளைப் பிரித்து, வேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் பொருந்தும் சிறு துணுக்குகளை ஒட்டவைத்து, நொதியால் எதிர் இழை கட்டுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிப்பதால், எல்லாம் சரியாக நடந்தால், ஒரே ஒரு மூலக்கூறு 30 சுற்றில் 100 கோடியைத் தாண்டும். கொதிநிலையை நெருங்கும் வெப்பத்திலும் சிதையாத அந்த நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுக்கப்பட்ட பாக்டீரியாவிலிருந்து வந்தது.

வெள்ளம் தாங்கும் நெல் மரபணு மாற்றப் பயிரா?

அல்ல. இதை விரிவாகச் சொல்லக் காரணம், உயிரித் தொழில்நுட்பத்தின் மிகப் பயனுள்ள பகுதி பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது என்ற என் ஆதங்கம்.

சாதாரண நெல் முழுதும் மூழ்கினால், நீருக்கு மேலே தலை நீட்ட வேண்டித் தண்டை வேகமாக நீட்டுகிறது. சேமித்த சர்க்கரையெல்லாம் அதில் செலவாகி, நீர் வடியும்போது செடி சோர்ந்து சாய்ந்துவிடுகிறது. ஒடிசாவின் நாட்டு ரகம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்ஆர் 13ஏ என்ற நெல் இதற்கு மாறாக நடந்துகொண்டது. மூழ்கியவுடன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சேமிப்பைக் காத்து, ஏறத்தாழ இரண்டு வாரம் நீருக்கடியில் இருந்துவிட்டு மீண்டும் தளிர்த்தது. இதற்குக் காரணமான சப்-1ஏ மரபணு 9-ஆம் குரோமோசோமில் உள்ளது என்பது 2006-ல் வெளியான ஆய்வில் உறுதியானது.

அந்தப் பழைய ரகத்தின் விளைச்சல் குறைவு. உழவருக்கு வேண்டியது ஸ்வர்ணா என்ற நல்ல விளைச்சல் நெல்லின் விளைச்சலும் இதன் பொறுமையும். இரண்டையும் கலந்தால் முதல் தலைமுறையில் பாதிப் பங்கு ஸ்வர்ணா. அதை மீண்டும் ஸ்வர்ணாவோடு கலக்க, சராசரியாக 75 விழுக்காடு, அடுத்து 87.5, அதற்கும் அடுத்து 93.75. ஒவ்வொரு தலைமுறையிலும் எந்த நாற்றில் சப்-1 இருக்கிறது என்பதை நீரில் மூழ்கடித்துப் பார்க்காமல், இலைத் துணுக்கிலிருந்து எடுத்த டிஎன்ஏ-வில் அம்மரபணுவின் அருகிலுள்ள அடையாள வரிசையைப் பிசிஆர் மூலம் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். குறிப்பான் வழித் தேர்வு என்பது இதுதான்: கலப்பு பழைய முறை, கண் மட்டும் புதிது. இவ்வாறு உருவான ஸ்வர்ணா சப்-1 இந்தியாவில் 2009-ல் வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டின் சம்பா வயல்களில் நீண்டகாலமாக அறியப்பட்ட சி.ஆர். 1009 ரகத்திலும் அதே மரபணு சேர்க்கப்பட்டு சி.ஆர். 1009 சப்-1 வந்தது. வடகிழக்குப் பருவமழையில் வயல் மூழ்கும் டெல்டாவுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பதை விளக்கத் தேவையில்லை.

அயல் மரபணுவைச் செடிக்குள் எப்படி நுழைக்கிறார்கள்?

இந்த வேலையை மனிதனுக்கு முன்பே செய்துவந்தது ஒரு மண் பாக்டீரியா. செடிகளின் கழுத்துப் பகுதியில் கழலை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியம், 1907-ல் அந்நோய்க்குக் காரணமென அறியப்பட்டது. அது தன்னிடமுள்ள பிளாஸ்மிட் என்னும் வட்ட டிஎன்ஏ-வின் ஒரு பகுதியைச் செடியின் குரோமோசோமுக்குள் செருகிவிடுகிறது என்பதை 1977-ல் மேரி-டெல் சில்டனும் அவருடைய குழுவினரும் நிறுவினர். கழலைக்குக் காரணமான மரபணுக்களை நீக்கி, அவ்விடத்தில் வேண்டிய மரபணுவை வைத்தால் பாக்டீரியா அதையும் அப்படியே கொண்டு சேர்க்கும். 1983-ல் இவ்வழியில் முதல் மரபணு மாற்றச் செடிகள் உருவாயின. மரபணு ஏறிய செல்லை முழுச் செடியாக்க மீண்டும் திசு வளர்ப்புதான் தேவைப்படுகிறது. இரண்டையும் மக்கள் ஒன்றாக எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வயலில் விளையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கின் டிஎன்ஏ-விலும் அக்ரோபாக்டீரியத்தின் மரபணுக்கள் இருப்பது 2015-ல் கண்டறியப்பட்டது. அவை இயற்கையாக நுழைந்தவை. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் அதை உண்டு வருகிறார்கள்.

பிடி பருத்தியின் புரதம் புழுவைக் கொல்லும் என்றால் மனிதனை விட்டுவிடுமா?

பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பிடி) என்ற பாக்டீரியாவின் கிரை புரதம், குறிப்பிட்ட புழுக்களின் காரத்தன்மை கொண்ட குடலில் கரைந்து, வெட்டப்பட்டு, குடற்சுவரிலுள்ள ஏற்பிகளில் ஒட்டித் துளையிடுகிறது. மனிதனின் வயிறு அமிலத்தன்மை உடையது. அந்த ஏற்பிகளும் நம்மிடம் இல்லை. ஆனால் "மரபணு மாற்றம் எல்லாம் பாதுகாப்பானது" என்றோ "எல்லாம் நஞ்சு" என்றோ சொல்வது இரண்டுமே தவறு. சோயாவின் சத்தைக் கூட்டப் பிரேசில் கொட்டையின் மரபணுவை வைத்தபோது, அந்தப் புரதம் ஒவ்வாமை தருவது என்று சோதனையில் தெரிய வந்து, 1996-ல் முடிவு வெளியானது. அந்த சோயா சந்தைக்கு வரவேயில்லை. ஆகவே சோதிக்க வேண்டியது ஒவ்வொரு பயிரையும், அதன் புரதத்தையும்.

பிடி பருத்தியின் உண்மையான சிக்கல் வயலில் எழுந்தது. இந்தியாவில் 2002-ல் ஒரு கிரை மரபணுவோடும் 2006-ல் இரண்டோடும் அனுமதி பெற்ற அதை, இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாங்கப் பழகிவிட்டது. வயலோரத்தில் பிடி அல்லாத பருத்தியை நட்டால், அங்கு வளரும் தாங்குதிறனற்ற புழுக்கள் மற்றவற்றோடு கலந்து அந்தப் பழக்கத்தைத் தாமதப்படுத்தும். இந்த ஏற்பாடு விதியில் இருந்தது. வயல்களில் பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படவில்லை. பிடி கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு விதித்த தடை இன்னும் நீக்கப்படவில்லை. வங்கதேசத்தில் அதற்கு 2013-ல் அனுமதி கிடைத்தது.

மரபணு மாற்ற விதை மறுபடி முளைக்காது என்பது உண்மையா?

முளைக்கும். முளைக்காத விதையைத் தரும் நுட்பத்துக்கு அமெரிக்காவில் 1998-ல் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆனால் எந்நாட்டிலும் அது விற்பனைக்கு வரவில்லை. இந்தியாவின் 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் அத்தகைய விதைகளுக்குப் பதிவே மறுக்கிறது. இந்தியாவில் விற்கப்படும் பிடி பருத்தி பெரும்பாலும் வீரிய ஒட்டு என்பதால், அதன் விதையைச் சேர்த்து விதைத்தால் அடுத்த தலைமுறை ஒரே சீராக இராது. மரபணு மாற்றமே இல்லாத வீரிய ஒட்டுத் தக்காளிக்கும் இதே நிலைதான்.

மரபணுத் திருத்தம் இவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

கிரிஸ்பர் முறையில், வழிகாட்டி ஆர்என்ஏ ஒன்று காஸ்-9 என்னும் வெட்டும் புரதத்தை டிஎன்ஏ-வின் குறித்த இடத்துக்கு இட்டுச் செல்கிறது. வெட்டிய இடத்தைச் செல் தானே ஒட்டும்போது ஓரிரு எழுத்துகள் விடுபடவோ கூடவோ செய்கின்றன, அம்மரபணு செயலிழக்கிறது. மெண்டலின் பட்டாணியில் குதித்த துண்டு தற்செயலாகச் செய்ததை இங்கே இடம் குறித்துச் செய்கிறார்கள். 2012-ல் இதைக் காட்டிய டவுட்னாவும் ஷார்பென்டியேயும் 2020-ல் நோபல் பரிசு பெற்றனர். வெட்டுவதற்காகச் செடிக்குள் வைத்த மரபணுவைப் பின்னர் கலப்பின் மூலம் நீக்கிவிட முடியும். அயல் டிஎன்ஏ எஞ்சாத இத்தகைய செடிகளுக்கு மரபணு மாற்றப் பயிர்களுக்கான விதிகள் சிலவற்றிலிருந்து இந்தியா 2022 மார்ச்சில் விலக்கு அளித்தது.

2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு நெல் ரகங்களில் ஒன்றான கமலா, தமிழ்நாட்டு உழவர்கள் பிபிடி என்று சுருக்கி அழைக்கும் சம்பா மசூரியிலிருந்து வந்தது. அதில் திருத்தப்பட்டது சைட்டோகைனினைச் சிதைக்கும் நொதியின் மரபணு. சிதைவு குறைந்தால் கதிரில் சைட்டோகைனின் கூடுகிறது, மணிகள் பெருகுகின்றன. குடுவையில் ஒரு நுனியைப் பல தளிராக்கிய அதே ஹார்மோன்தான் இங்கே கதிரில் வேலை செய்கிறது. கமலா எவ்வளவு கூடுதலாக விளையும் என்பதை ஆய்வக வரிசையை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பல மண்ணில், பல பருவத்தில் விளைவித்துத்தான் பார்க்க வேண்டும்.

டிஎன்ஏ-வைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும், வீட்டிலேயே. கனிந்த வாழைப்பழத்தில் பாதியை நன்கு மசித்து, அரைக் குவளை நீரில் கால் கரண்டி உப்பும் ஒரு கரண்டி பாத்திரம் கழுவும் திரவமும் நுரைக்காமல் கலந்து, அதில் ஊறவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டி, வடிநீரைக் குறுகிய கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். உறைபெட்டியில் முன்பே குளிரவைத்த, காயத்தைத் துடைக்கப் பயன்படும் ஸ்பிரிட்டைக் குவளையின் உட்சுவர் வழியாக மெதுவாக விடுங்கள். அது மேலே தனி அடுக்காக நிற்கும். ஸ்பிரிட் தீப்பற்றும் என்பதால் அடுப்பருகே செய்யாதீர்கள். குழந்தைகளோடு பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

சவர்க்காரம் செல்லின் கொழுப்புச் சவ்வைக் கரைக்கிறது. உப்பு, டிஎன்ஏ இழைகள் ஒன்றையொன்று விலக்கும் மின்சுமையைத் தணிக்கிறது. ஸ்பிரிட்டில் டிஎன்ஏ கரையாது என்பதால், இரு அடுக்குகளும் சந்திக்கும் இடத்தில் சில நிமிடங்களில் வெண்ணிற நூல்திரள் எழும்பும். அதில் ஆர்என்ஏ-வும் புரதமும் பழத்தின் பெக்டினும் கலந்திருக்கும். தூய டிஎன்ஏ அல்ல. ஒரு பல்குத்தும் குச்சியால் அதை மெல்லச் சுற்றி எடுக்கலாம்.